நீலப்புள்ளியின் அரசியல்: வழிகாட்டும் செயலிகளும் பெயரில்லாத தெருக்களும்

1

எந்த மேப் நல்ல மேப்? கைபேசி வைத்திருப்பவர்கள் மத்தியில் இன்று சகஜமாகப் புழங்கும் கேள்வி இது. கூகுள் மேப்ஸா, ஆப்பிள் மேப்ஸா, நம்மூர்க்காரர்கள் செய்த மேப்பிள்ஸா, ஓலா மேப்ஸா, யாருக்கும் தனிச்சொத்தாக இல்லாத ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பா? விடை சொல்ல வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே அளவுகோலைத்தான் கையில் வைத்திருக்கிறார்கள். எது சீக்கிரம் கொண்டுபோய்ச் சேர்க்கிறது, எது முட்டுச்சந்தில் கொண்டுபோய் விடுவதில்லை, எதில் பெட்ரோல் பங்க் தெரிகிறது, எது பேட்டரியைத் தின்னாமல் இருக்கிறது. இந்த அளவுகோலுக்குப் பின்னால் ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறார். அவரிடம் கார் இருக்கிறது. போகவேண்டிய இடத்துக்கு முகவரி இருக்கிறது. அந்த முகவரியில் தெருப்பெயர் இருக்கிறது. போகிற வழியில் எந்தத் தெருவிலும் அவரை நிறுத்தி 'யாருப்பா நீ, எங்க போற' என்று கேட்க ஆளில்லை. இப்படிப்பட்ட ஒருவரைப் பொதுமனிதராக ஆக்கிவிட்டு, அவருக்கு எது வசதி என்று பார்ப்பதற்குத்தான் ஒப்பீடு என்று பெயர் வைத்திருக்கிறோம்.

இக்கட்டுரையும் ஒப்பிடத்தான் போகிறது. அளவுகோலை மட்டும் மாற்றிக்கொள்வோம். இந்த மேப்பை வரைவது யார்? இது யாருக்குச் சொந்தம்? இதில் யார் பெயரில்லாமல் போகிறார்கள்? தப்பு நடந்தால் யாரைப் போய்க் கேட்பது? இந்த நான்கு கேள்விகளையும் வைத்துக்கொண்டு பார்த்தால் செயலிகளின் வரிசை வேறு மாதிரி அமையும். சில இடங்களில் வரிசையே அமையாது.

2

வரைபடம் உள்ளதை உள்ளபடி காட்டுகிறது என்பது பொதுப்புத்தி. இதைக் கேள்விக்குட்படுத்தியவர்களில் முக்கியமானவர் பிரிட்டிஷ் புவியியலாளர் ஜே. பி. ஹார்லி. வரைபடத்தைக் கட்டவிழ்ப்பது பற்றி 1989இல் அவர் எழுதிய கட்டுரை, ஃபூக்கோவையும் தெரிதாவையும் வரைபட வரலாற்றுக்குள் கொண்டுவந்தது. வரைபடமும் ஒரு பிரதிதான், அதில் எழுதப்பட்டிருப்பதைப் போலவே எழுதாமல் விடப்பட்டிருப்பதையும் வாசிக்கவேண்டும் என்பது அவர் வாதத்தின் சாரம். 1991இல் பெனடிக்ட் ஆண்டர்சன் தேசியம் குறித்த தமது புகழ்பெற்ற நூலை விரிவுபடுத்தியபோது மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, வரைபடம், அருங்காட்சியகம் மூன்றையும் ஒரே அத்தியாயத்தில் சேர்த்துவைத்தார். மூன்றும் காலனிய அரசு தன் குடிகளையும் நிலத்தையும் கற்பனை செய்துகொண்ட விதங்கள் என்பதே அந்தச் சேர்க்கையின் பொருள்.

நமக்கு இது புரிய வெகுதூரம் போகவேண்டாம். 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் பரங்கிமலை அடிவாரத்தில் எஃகுச் சங்கிலியை நீட்டி அளக்கத் தொடங்கினார். அங்கிருந்து பெரும்பாக்கம் குன்று வரை ஏறத்தாழ ஏழரை மைல். துணைக்கண்டம் முழுவதையும் முக்கோணங்களாக வெட்டிப் போட்ட மாபெரும் நில அளவைக்கு இதுதான் அடிக்கோடு. திப்பு வீழ்ந்து மூன்றே வருஷம் ஆகியிருந்தது. பிடித்த நிலத்தில் வரி வாங்கவும் படை நடத்தவும் கும்பினிக்கு வரைபடம் தேவைப்பட்டது. 1808இல் தஞ்சைப் பெரியகோயில் விமானத்தின்மேல் அரை டன் எடையுள்ள தியோடலைட் கருவியை ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி சேதமடைந்தது. லாம்டனைப் பற்றி எழுதுகிறவர்கள் மறக்காமல் சொல்லும் சேதி இது. கயிற்றை இழுத்தவர்கள் யார், கொடி பிடித்து மலையேறியவர்கள் யார், காட்டுக் காய்ச்சலில் செத்துப்போன கூலிக்காரர்கள் யார் என்பதை யாரும் எழுதுவதில்லை. வரைபடத்தின் வரலாறு கருவியின் சேதத்தைக் கணக்கில் வைத்துக்கொள்கிறது. கருவியைச் சுமந்தவர்களின் சேதம் கணக்கில் வருவதில்லை.

அந்தக் கோட்டின் தெற்கு முனையான பெரும்பாக்கத்தில் இன்று என்ன இருக்கிறது? 2015 வெள்ளத்துக்குப் பிறகு கூவம், அடையாறு கரைகளிலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்ட குடும்பங்களை வரிசை வரிசையான அடுக்குமாடிகளில் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். நகரத்தின் நடுவில் இருந்தபோது அவர்கள் தெருக்களுக்கு ஒரு பெயர் இருந்தது. மாரியம்மன் பெயரோ, ஒரு தலைவர் பெயரோ, அங்கேயே வாழ்ந்து செத்த யாரோ ஒருவர் பெயரோ. இங்கே பிளாக் எண், வீட்டு எண். 1802இல் அளக்கப்பட்ட கோடும் இந்த எண்களும் ஒரே பார்வையின் பிள்ளைகள். மேலேயிருந்து பார்க்கும் பார்வைக்கு ஆட்கள் தெரியமாட்டார்கள், இடம் மட்டும்தான் தெரியும்.

3

இப்போது செயலிகளுக்கு வருவோம். இவை எப்படிச் செய்யப்பட்டன என்பதைத் தெரிந்துகொள்ளாமல் நல்லது கெட்டது பேசமுடியாது.

கூகுள் மேப்ஸ் 2005 பிப்ரவரியில் வெளிவந்தது. அதற்கு முந்தைய வருஷம் கூகுள் இரண்டு நிறுவனங்களை வாங்கியிருந்தது. ஒன்று சிட்னியில் இருந்த வேர் டூ. இன்னொன்று கீஹோல். பின்னால் கூகுள் எர்த் ஆனது இதுதான். கீஹோலில் சி.ஐ.ஏ. உருவாக்கிய முதலீட்டு அமைப்பான இன்-க்யூ-டெல் பணம் போட்டிருந்தது. 2013இல் இஸ்ரேலில் தொடங்கப்பட்ட வேஸ் செயலியையும் கூகுள் வாங்கியது. வேஸின் பலமே அதை ஓட்டுகிறவர்கள் தாங்களாகச் சொல்லும் தகவல்தான்: இங்கே விபத்து, அங்கே போலீஸ், இந்தப் பாலம் மூடியிருக்கு. லட்சக்கணக்கான ஆட்களின் இலவச உழைப்பு ஒரு கம்பெனியின் சொத்தாக மாறுவது எப்படி என்பதற்கு இதைவிடச் சுருக்கமான பாடம் கிடைக்காது. நாம் கடைக்கு எழுதும் மதிப்புரை, எடுத்துப்போடும் படம், திருத்திக்கொடுக்கும் தெருப்பெயர் எல்லாமே இந்தக் கணக்கில்தான் சேர்கின்றன. சம்பளம் கிடையாது. 'வழிகாட்டி' என்ற பட்டமும் சில புள்ளிகளும் உண்டு.

போக்குவரத்து நெரிசலைக் காட்டும் சிவப்புக்கோடு எங்கிருந்து வருகிறது? சாலையிலிருந்து அல்ல. சாலையில் நகரும் கைபேசிகளிலிருந்து. சைமன் வெக்கெர்ட் என்ற ஜெர்மன் கலைஞர் 2020 பிப்ரவரியில் இதை வேடிக்கையாக அம்பலப்படுத்தினார். 99 கைபேசிகளை ஒரு சிறு தள்ளுவண்டியில் போட்டு பெர்லின் தெருக்களில் இழுத்துக்கொண்டு போனார். காலியான தெரு மேப்பில் சிவந்துபோனது. ஒரு மனுஷன் வண்டி இழுப்பதை 99 கார்கள் முட்டிக்கொண்டு நிற்பதாக மேப் வாசித்தது. இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். கைபேசியில்லாத நூறு பேர் நடந்துபோகும் தெரு இந்த மேப்புக்குக் காலித்தெரு. கைபேசி இருப்பவனே இருப்பவன்.

ஆப்பிள் மேப்ஸ் 2012 செப்டம்பரில் வந்தது. கூகுளை நம்பியிருக்கக்கூடாது என்ற போட்டியில் அவசரமாக வந்தது. வந்த வேகத்தில் நகைப்புக்கிடமானது. அந்த மாதமே அதன் தலைவர் டிம் குக் மன்னிப்புக் கேட்டார். சிரிப்போடு முடியாத கதையும் உண்டு. 2012 டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலப் போலீஸ் ஒரு எச்சரிக்கை விடுத்தது. மில்டூரா என்ற ஊரை இந்தச் செயலி, உண்மையான இடத்திலிருந்து சுமார் 70 கிலோமீட்டர் தள்ளி, தண்ணீரில்லாத ஒரு தேசியப் பூங்காவின் நடுவில் காட்டிக்கொண்டிருந்தது. 46 பாகை வரை வெயில் காயும் இடம். நம்பிப் போனவர்கள் மாட்டிக்கொண்டார்கள். பிறகு 2018 முதல் ஆப்பிள் தன் மேப்பைப் புதிதாக வரைந்து வருகிறது. பணமிருந்தால் தப்பைத் திருத்திக்கொள்ளலாம். திருத்தும்வரை யார் தலையில் தப்பு விடியும் என்பதுதான் கேள்வி.

இந்தியாவில் மேப்மைஇந்தியா 1995இல் தொடங்கப்பட்டது, கூகுள் மேப்ஸுக்குப் பத்து வருஷம் மூத்தது. மேப்பிள்ஸ் என்பது அதன் செயலி. ஊர் ஊராக ஆட்களை அனுப்பி அளந்த தரவு அதன் முதல். ஓலா மேப்ஸ் நேற்றைய வரவு. 2024 ஜூலையில், கூகுள் மேப்ஸுக்கு வருஷத்துக்கு 100 கோடி ரூபாய் கொடுத்துவந்தோம், இனி எங்கள் மேப்பே எங்களுக்குப் போதும் என்று ஓலா அறிவித்தது. அடுத்து நடந்ததைக் கவனியுங்கள். எங்கள் தரவை நகலெடுத்துவிட்டார்கள் என்று மேப்மைஇந்தியா ஓலாவுக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பியது. ஓலா மறுத்தது. ஆகஸ்ட் முதல் தேதியிலிருந்து இந்தியாவில் மேப்ஸ் சேவைக்கான கட்டணத்தை 70 சதவீதம் வரை குறைப்பதாக கூகுள் சொன்னது. மூன்று நிறுவனங்களும் நம் தெருக்களுக்காக அடித்துக்கொள்கின்றன. தெருவில் குடியிருப்பவர்கள் இந்தச் சண்டையில் எந்தப் பக்கத்திலும் இல்லை.

நான்காவது வகை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப். 2004இல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கியது. அங்கே அரசு நில அளவை நிறுவனம் மக்கள் வரிப்பணத்தில் வரைந்த வரைபடத்தை மக்களுக்கே விலைவைத்து விற்றது. அதற்கு எதிரான வேலை இது. யார் வேண்டுமானாலும் வரையலாம், திருத்தலாம், எடுத்துக்கொள்ளலாம். எடுத்துத் திருத்திய தரவைப் பொதுவில் விடுகிறவர்கள் அதையும் அதே நிபந்தனையில் திறந்து வைக்கவேண்டும். ஆர்கானிக் மேப்ஸ், ஓஸ்மாண்ட் போன்ற செயலிகள் இந்தத் தரவை வைத்து ஓடுகின்றன. ஒருமுறை இறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாமலே வழி காட்டுகின்றன.

4

பழைய காகித வரைபடத்தில் 'நீ' கிடையாது. அதை விரித்துவைத்து நாம் எங்கே நிற்கிறோம் என்று நாமே தேடவேண்டும். வழிப்போக்கரிடம் கேட்கவேண்டும். கைபேசி மேப்பில் முதலில் தெரிவதே ஒரு நீலப்புள்ளி. அதுதான் நீ. உலகம் அதைச் சுற்றித்தான் விரிகிறது. அல்துசர் தமது 1970ஆம் ஆண்டுக் கட்டுரையில், தெருவில் போகிறவனைப் போலீஸ்காரன் 'ஏய், உன்னத்தான்' என்று கூப்பிட, அவன் திரும்பிப் பார்க்கும் அந்தக் கணத்தில் தன்னிலையாக ஆகிவிடுகிறான் என்று கருத்தியலின் விளிப்பை விளக்குகிறார். நீலப்புள்ளி அப்படியொரு விளிப்பு. வித்தியாசம் என்னவென்றால் அது அதட்டுவதில்லை, உபசரிக்கிறது. நீதான் மையம் என்கிறது. மையத்தில் வைக்கப்பட்ட நாம் அதே நேரத்தில் இன்னொரு இடத்தில், நமக்குத் தெரியாத ஒரு கணினியில், கோடிக்கணக்கான புள்ளிகளில் ஒன்றாக, போன இடம் வந்த இடம் எல்லாம் பதிவாகிக் கிடக்கிறோம்.

நமக்கு வசதியான இந்த நீலப்புள்ளி இன்னொருவருக்கு மேஸ்திரி. சாப்பாடு கொண்டுவரும் பையன் மேப்பைப் பார்த்து ஓட்டுகிறான் என்று நினைக்கிறோம். மேப் அவனைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்பதே சரி. எத்தனை கிலோமீட்டர் என்று மேப் சொல்வதை வைத்துத்தான் அவன் கூலி கணக்கிடப்படுகிறது. எத்தனை நிமிஷம் என்று அது சொல்வதை வைத்துத்தான் வாடிக்கையாளர் அவனை மதிப்பிடுகிறார். ரயில்வே கேட் மூடியிருந்தது, மழைத்தண்ணீர் முட்டளவு நின்றது, அடுக்குமாடியில் லிஃப்ட்டில் ஏறவிடாமல் காவலாளி படியைக் காட்டினார், இதெல்லாம் மேப்பின் நிமிஷத்தில் கிடையாது. கூகுள் மேப்ஸ் 2017 டிசம்பரில் இரண்டுசக்கர வண்டிக்கென்று தனி வழி காட்டும் வசதியை முதன்முதலில் இந்தியாவில்தான் கொண்டுவந்தது. நல்லதுதான். ஆனால் அந்தக் குறுக்குச் சந்துகள் எங்கே இருக்கின்றன என்று மேப்புக்குத் தெரியவந்ததே வண்டியோட்டிகள் அவற்றில் ஓட்டியதால்தானே? அவர்களுடைய அனுபவ அறிவு மேப்புக்குள் போய், மேப்பிலிருந்து நிமிஷக் கணக்காகத் திரும்பி வந்து அவர்கள் முதுகில் உட்காருகிறது. லாம்டனின் கொடிக்காரர்களுக்கு அடுத்து இந்த வரிசையில் வருபவர்கள் இவர்கள்.

'சிறந்த வழி' என்பதையே கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். இரண்டு புள்ளிகளுக்கு இடையில் குறைந்த செலவுள்ள பாதையைக் கண்டுபிடிக்கும் முறையை டைக்ஸ்ட்ரா 1959இல் வெளியிட்டார். இன்றைய செயலிகளின் கணக்குகள் அந்த வேரிலிருந்து கிளைத்தவைதான். ஒவ்வொரு தெருத்துண்டுக்கும் ஒரு எடை உண்டு. எடைகளின் கூட்டுத்தொகை எதில் குறைவோ அதுவே சிறந்த வழி. கணக்கில் தப்பில்லை. எடையை யார் வைத்தது? செயலிகள் பிரதானமாக நேரத்தை எடையாக வைக்கின்றன. தமிழ்நாட்டில் 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. வீட்டுவேலைக்குப் போகும் ஒரு அம்மாவுக்கு, இருபது நிமிஷம் கூடக் காத்திருந்தாலும் காசில்லாத பஸ்ஸில் போவதுதான் சிறந்த வழி. ராத்திரி வேலை முடிந்து வரும் பெண்ணுக்கு விளக்கு எரியும் தெருதான் குறுக்குவழி. இவர்களை எடையாக வைத்து எந்த மேப் நல்ல மேப் என்று ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

5

அந்நியக் கம்பெனி வேண்டாம், சுதேசி மேப்பைப் பயன்படுத்துவோம் என்ற குரல் இப்போது பலமாகக் கேட்கிறது. இதை உணர்ச்சியை ஓரங்கட்டிவிட்டுப் பரிசீலிக்கவேண்டும்.

அந்நியக் கம்பெனியின் நேர்மை என்ன என்பது எல்லைக்கோட்டில் தெரிகிறது. கூகுள் மேப்ஸை இந்தியாவில் திறந்தால் காஷ்மீர் முழுவதும் அழுத்தமான கோட்டுக்குள் இருக்கும். வெளிநாட்டில் திறந்தால் அதே இடத்தில் விட்டுவிட்டுப் போட்ட கோடு. 2019இல் ரஷ்யாவுக்குள் கிரிமியாவை ரஷ்யாவின் பகுதியாகக் காட்ட ஆப்பிள் சம்மதித்தது. 2025 பிப்ரவரியில் மெக்சிகோ வளைகுடா அமெரிக்கர்களின் கூகுள் மேப்பில் 'அமெரிக்க வளைகுடா' ஆனது, மெக்சிகோவில் பழைய பெயரே இருந்தது, மற்ற நாடுகளில் இரண்டு பெயரும் சேர்ந்து வந்தன. எங்கே சந்தையோ அங்கத்திய அரசு சொல்வதே உண்மை. இதை நடுநிலை என்று சொன்னால் நடுநிலை என்ற சொல்லுக்கே மரியாதை போய்விடும்.

சரி, சுதேசி மேப்பின் நேர்மை என்ன? அதற்கு ஒரே ஒரு அரசுதான் எஜமானர், அவ்வளவுதான் வித்தியாசம். இந்திய நில அளவைத் துறையின் எல்லைக்கு மாறாக வரைபடம் வெளியிட்டால் ஆறு மாதம் வரை சிறை என்று 1961ஆம் ஆண்டுக் குற்றவியல் திருத்தச் சட்டத்தின்கீழ் தண்டனை உண்டு. 2016 மே மாதம் மத்திய உள்துறை வெளியிட்ட புவித்தகவல் மசோதா வரைவில் இது 100 கோடி ரூபாய் வரை அபராதமாகவும் ஏழு வருஷம் வரை சிறையாகவும் ஊதிப்பெருத்தது. எதிர்ப்புக் கிளம்பியது, வரைவு சட்டமாகாமல் நின்றது. 2021 பிப்ரவரியில் காற்று மாறியது. அனுமதி வாங்காமலே இந்திய நிறுவனங்கள் நுட்பமாக அளந்துகொள்ளலாம், அந்நிய நிறுவனங்கள் அந்தத் தரவை இந்திய நிறுவனங்களிடம் உரிமம் பெற்றே பயன்படுத்தவேண்டும் என்று புதிய நெறிமுறை வந்தது. 2022 ஜூலையில் கூகுள் தன் தெருக்காட்சிப் படங்களை இந்தியாவின் பத்து நகரங்களுக்குக் கொண்டுவந்தபோது, அவற்றை எடுத்துக்கொடுத்தவை இந்திய நிறுவனங்கள். நேற்றுவரை தேசப் பாதுகாப்பாக இருந்தது இன்று தேச முதலாளிக்கான பாதுகாப்பாக ஆகியிருக்கிறது. குடிமகனுக்கு இதில் என்ன கிடைத்தது? அவன் தெருவை அளந்த தரவு அவனுக்குத் திறந்து கிடைக்குமா? சுதேசி என்ற சொல் இந்தக் கேள்வியை மூடிவைக்கும் துணியாகப் பயன்படுகிறது.

தப்பு நடந்தால் யாரைக் கேட்பது என்பதிலும் இருதரப்பும் நழுவுகின்றன. 2024 நவம்பரில் உத்தரப் பிரதேசத்தின் பரேலி அருகே, வெள்ளத்தில் முன்பகுதி இடிந்துபோயிருந்த பாலத்திலிருந்து ராமகங்கை ஆற்றில் கார் விழுந்து மூன்று பேர் இறந்தார்கள். வழிகாட்டும் செயலி அந்தப் பாலத்தைப் பாதை என்றே காட்டியதாகச் செய்தி வந்தது. பொதுப்பணித்துறைப் பொறியாளர்கள் மீதும் கூகுள் மேப்ஸின் வட்டார அதிகாரி ஒருவர் மீதும் போலீஸ் வழக்குப் போட்டது. பாலத்தின் வாயில் ஒழுங்காக ஒரு தடுப்பு வைத்திருந்தால் செத்திருக்க மாட்டார்கள். பாலம் இடிந்த சேதி மேப்புக்குப் போயிருந்தாலும் செத்திருக்க மாட்டார்கள். அரசு மேப்பைக் கைகாட்டும், மேப் அரசைக் கைகாட்டும். இரண்டு கைகளுக்கும் நடுவில் ஆறு ஓடுகிறது.

6

அப்படியானால் மக்களே வரையும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்தான் மாற்று என்று முடித்துவிடலாமா? அவ்வளவு அவசரம் வேண்டாம்.

அதன் சாதனைகளைக் குறைத்துச் சொல்லமுடியாது. நைரோபியில் உள்ள கிபேரா, ஆப்பிரிக்காவின் மிகப்பெரிய குடிசைப்பகுதிகளில் ஒன்று. 2009 வரை அது பொது வரைபடங்களில் வெறும் வெற்றிடம். அந்த வருஷம் அங்கத்திய இளைஞர்களே ஜி.பி.எஸ். கருவியோடு நடந்து தண்ணீர்க் குழாய், கழிப்பறை, பள்ளிக்கூடம், மருந்தகம் எல்லாவற்றையும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் குறித்தார்கள். 2010 ஜனவரியில் ஹைட்டியில் பூகம்பம் வந்தபோது உலகமெங்கும் இருந்த தன்னார்வலர்கள் செயற்கைக்கோள் படங்களைப் பார்த்துச் சில நாட்களில் போர்ட்-ஓ-பிரின்ஸ் நகரத்தை வரைந்தார்கள். மீட்புக்குப் போனவர்கள் கையில் இருந்தது அந்த வரைபடம். எந்தக் கம்பெனிக்கும் இதில் லாபமில்லை. அதனால்தான் முன்பே எந்தக் கம்பெனியும் செய்யவில்லை.

ஆனால் 'யார் வேண்டுமானாலும் வரையலாம்' என்பதில் உள்ள 'யார்' யார்? நேரம், கணினி, ஆங்கிலம், இணையம் உள்ளவர்கள். அவர்களிலும் ஆண்களே மிகுதி. பெரிய கம்பெனிகளும் இன்று சம்பள ஆட்களை வைத்து இதில் வரைகின்றன. ஆப்பிள், மெட்டா, மைக்ரோசாஃப்ட், அமேசான் எல்லாம் உள்ளே இருக்கின்றன. தங்கள் வண்டி போகும் சாலையை வரைவதில்தான் அவர்களுக்கு அக்கறை. பொதுச்சொத்து என்பதாலேயே ஒன்று சமத்துவமாக ஆகிவிடாது. ஊர்ப்பொதுக் கிணறும் பொதுச்சொத்தாகத்தான் இருந்தது.

தமிழ்நாட்டுக் கிராமத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே திசையே சாதி. மேலத்தெரு, கீழத்தெரு, வடக்குத்தெரு என்று சொன்னால் உள்ளூர்க்காரருக்கு அது இடக்குறிப்பு மட்டுமல்ல, யார் குடியிருக்கிறார்கள் என்ற குறிப்பும்தான். 'காலனி' என்றால் விளக்கமே வேண்டாம். அந்தச் சொல் வசையாகிவிட்டது, அரசு ஆவணங்களிலிருந்தும் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். அதே வருஷம் அக்டோபரில் சாதிப் பெயருள்ள தெருக்கள், ஊர்களின் பெயரை மாற்ற அரசாணையும் வந்தது. சரி, செயலிகளில்? ஒரு கம்பெனியின் மேப்பில் பெயர் மாறவேண்டுமானால் நாம் மனுப் போட்டுவிட்டுக் காத்திருக்கவேண்டும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் பழைய பெயர், புதிய பெயர், உள்ளூர்ப் பெயர், தமிழ்ப் பெயர் என்று ஒரே தெருவுக்குத் தனித்தனி அறைகள் உண்டு. அங்கே சேரியில் இருப்பவரே தன் தெருவுக்குத் தான் வைத்த பெயரை எழுதமுடியும். மேலத்தெருக்காரர் வந்து அதை அழிக்கவும் முடியும். அழித்தவர் யார், எப்போது அழித்தார் என்பது அங்கே பதிவில் இருக்கும் என்பது ஒரு ஆறுதல். சண்டை பகிரங்கமாக நடக்கும். கம்பெனி மேப்பில் சண்டை நடந்த சுவடே இருக்காது.

இன்னும் ஆழமான பிரச்சினை ஒன்று உண்டு. 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில், சுடுகாட்டுக்குப் போகும் வழியை நிலக்காரர்கள் அடைத்துவிட்டதால், ஒரு தலித்தின் உடலைப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டிக் கீழே இறக்கினார்கள். படம் பரவிய பிறகு உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்தது. அந்தப் பாடைக்கு எந்தச் செயலி வழி காட்டியிருக்கும்? ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஒவ்வொரு பாதைக்கும் அனுமதி பற்றிய குறிப்பு எழுதலாம். தனியார் வழி, பொதுவழி, நடப்பவருக்கு மட்டும், லாரிக்குத் தடை. இந்தச் சாதிக்குத் தடை என்று எழுத அறை இல்லை. சட்டப்படி அப்படியொரு தடை இல்லாததால் அறையும் இல்லை. நிலத்தில் இருக்கும் தடை வரைபடத்தில் இல்லை. எல்லா மேப்புகளும் ஒற்றுமையாகப் பேசும் பொய் இது: கோடு போட்ட இடமெல்லாம் எல்லோரும் நடக்கலாம் என்ற பொய். வெறும் ஜனநாயகக் கற்பனையாக மட்டும் இதைத் தள்ளிவிடவும் முடியாது. அரசமைப்புச் சட்டமும் அதே கற்பனையைத்தான் வாக்குறுதியாக எழுதிவைத்திருக்கிறது. வரைபடத்தை அந்த வாக்குறுதிக்குச் சாட்சியாக நிறுத்துவதா, அதன் மீறலை அம்பலப்படுத்தும் ஆவணமாக ஆக்குவதா என்பது நாம் பேசித் தீர்க்கவேண்டிய விஷயம்.

7

வரைபடத்தில் ஏறுவது எப்போதும் விடுதலை என்று எண்ணிக்கொள்வதும் ஆபத்து. ஆம்புலன்ஸ் வந்து சேரத் தெருப்பெயர் வேண்டும். உண்மை. அதே தெரு புறம்போக்கில் இருந்தால், அதைத் துல்லியமாக வரைந்து கொடுப்பது புல்டோசருக்கு முகவரி எழுதிக்கொடுப்பது போலவும் ஆகலாம். ஆற்றங்கரையில் 'ஆக்கிரமிப்பு' எது என்று மேலேயிருந்து எடுத்த படங்களை வைத்துத்தானே கணக்கெடுக்கிறார்கள்? எனவே விளிம்பில் இருப்பவர்களுக்கு இரண்டு உரிமைகள் வேண்டும். தன்னை வரைந்துகொள்ளும் உரிமை, வரையாதே என்று சொல்லும் உரிமை. கம்பெனி மேப் இரண்டையும் தருவதில்லை. திறந்த மேப் முதலாவதைத் தருகிறது. இரண்டாவதை அங்கே வரைபவர்களின் அறவுணர்வைத் தவிர வேறெதுவும் காப்பதில்லை.

இதிலிருந்து நடைமுறைக்குச் சில விஷயங்கள். போராட்டத்துக்கும் கள ஆய்வுக்கும் போகிறவர்கள், இருக்கும் இடத்தை ஊருக்கெல்லாம் சொல்லும் செயலியைவிட, இறக்கி வைத்துக்கொண்டு இணையமில்லாமல் ஓடும் திறந்த செயலிகளைப் பயன்படுத்தலாம். சிம் கார்டு இருக்கும்வரை கோபுரத்துக்கு நம் இடம் தெரியும் என்பதையும் மறக்கவேண்டாம். தெருப்பெயரைத் திருத்த ஒருமணி நேரம் செலவிட நினைப்பவர்கள் அதைக் கம்பெனிக்குக் கூலியில்லாமல் கொடுப்பதற்குப் பதில் பொதுமேப்பில் செலவிடலாம். குடியிருப்புகளை வரையப் போகும் குழுக்கள் முதலில் அங்கே ஒரு கூட்டம் போட்டுக் கேட்கவேண்டும்: எதை வரையலாம், எதை வரையக்கூடாது, யார் பெயரில் வரையலாம்.

இன்னொரு வேலையும் காத்திருக்கிறது. 1892இல் சென்னை மாகாண அரசு ஒடுக்கப்பட்ட சாதியினருக்கென்று ஒதுக்கத் தொடங்கிய பஞ்சமி நிலங்கள், மற்றவருக்கு விற்கக்கூடாது என்ற நிபந்தனையையும் மீறிக் கைமாறிப் போய்விட்டன. பழைய பதிவேடுகளிலும் புலப்படங்களிலும் அவற்றின் அளவெண்கள் கிடக்கின்றன. பழைய பதிவேட்டை இன்றைய நிலத்தோடு பொருத்தி, இந்தப் பெட்ரோல் பங்க் நிற்கும் இடம், இந்தக் கல்லூரி நிற்கும் இடம், இந்தப் பண்ணை வீடு நிற்கும் இடம் என்று எல்லோரும் பார்க்கும்படி ஒரு வரைபடத்தில் போட்டால் என்ன நடக்கும்? இதற்குப் பெரிய தொழில்நுட்பம் தேவையில்லை. பதிவேட்டைக் கேட்டு வாங்கும் பிடிவாதமும், திறந்த மேப்பும், சில கைபேசிகளும் போதும்.

எந்த மேப் நல்ல மேப் என்று கேட்பவர்களிடம் நாம் இப்படியொரு மேப்பைத்தான் காட்டவேண்டும். அதை வரைவதில் எழும் சட்டச் சிக்கல்களையும் ஆபத்துகளையும் பற்றி, குறிப்பாக நிலவுரிமைப் போராட்டங்களில் இருக்கும் தோழர்கள், இப்பக்கங்களில் எழுதவேண்டும். விவாதம் அங்கிருந்து தொடரட்டும்.